பெயரில் மதம் தூக்கலாகத் தெரிகிறதா? குழந்தைக்குப் பெயர் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

"இது ரொம்ப சாமிப் பேரா இருக்கே", "இதைக் கேட்டா வேதக்காரப் பிள்ளைன்னுதானே (கிறிஸ்தவப் பிள்ளை) நெனப்பாங்க" என்ற தயக்கம் பெயர் தேடும் பல வீடுகளில் வருகிறது. மதம் கலந்து மணந்தவர்கள், கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள், வெளிநாட்டில் பிள்ளை வளர்ப்பவர்கள் ஆகியோருக்கு அது இன்னும் அதிகம். தமிழ்நாட்டு வழக்கத்தையும் பதிவு விதிகளையும் வைத்து இங்கே பதில் சொல்லியிருக்கிறோம்.

ஒரு பெயரில் மத வாசம் எவ்வளவு என்று எப்படிக் கணிப்பது?

அகராதி உதவாது. கயல்விழி, மீனாட்சி இரண்டுக்கும் பொருள் மீன் போன்ற கண்ணாள் என்பதுதான். முன்னதை எந்த வீட்டிலும் வைக்கலாம். பின்னது மதுரைக் கோயிலைக் கூடவே கூட்டிக்கொண்டு வரும். பெயருக்கு என்ன பொருள் என்பதைவிட, அதை இதுவரை யார் வீட்டில் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் கேட்பவர் காதில் விழுகிறது.

வலு கூடியதிலிருந்து குறைந்தது வரை பார்த்தால், முதலில் நிற்பவை தெய்வத்தின் முழுப்பெயரும் வழிபாட்டோடு ஒட்டிய பெயரும்: வெங்கடேசன், அகிலாண்டேஸ்வரி, இம்மானுவேல், அப்துல்லா. அடுத்து அடியார், புனிதர், இறைநேசர் பெயர்கள்: ஞானசம்பந்தம், சடகோபன், சவரிமுத்து, சாகுல் ஹமீது. அதற்கும் கீழே அருள், ஞானம், கிருபை, நூர் போன்ற கருத்துச் சொற்கள். பிறகு ஒரு காலத்தில் மதத்தோடு ஒட்டியிருந்து இன்று தளர்ந்துவிட்டவை: குமரன், செந்தில், சித்தார்த், ராகுல். கடைசியில் நிலா, முகில், யாழினி, சுடர்.

ராகுல் புத்தரின் மகன் பெயர். சித்தார்த்தன் புத்தரின் இயற்பெயர்; மகாவீரரின் தந்தை பெயரும் அதுவே. தமிழ்நாட்டில் ஒரு ராகுலைப் பார்த்து "நீங்க பௌத்தரா?" என்று யாரும் கேட்பதில்லை. இலங்கையில் ராகுல, கௌதம, சித்தார்த்த என்பவை சிங்களப் பௌத்த வீடுகளின் பெயர்கள். ஊர் மாறினால் இந்த வரிசையும் மாறும்.

வலுவான மதப் பெயர் வைப்பது தவறா?

இல்லை. பெயர் சொல்வதும் வீட்டு நிலவரமும் ஒன்றாக இருந்தால் அதில் சிக்கலே கிடையாது. முருகனைக் கும்பிடும் வீட்டில் சுப்பிரமணியன், ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகும் வீட்டில் எஸ்தர், இரண்டும் இயல்பு. பெயர் சொல்வது ஒன்றும் வீடு வேறொன்றுமாக இருக்கும்போதுதான் பிள்ளை வாழ்நாள் முழுக்க விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். தாய் ஒரு மதம், தந்தை ஒரு மதம் என்ற வீட்டில், ஒரு தரப்பை மட்டும் உரக்கச் சொல்லும் பெயர் மற்ற தரப்புத் தாத்தா பாட்டிக்கு உறுத்தும். அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

வாடகை வீடு கிடைக்காது, வேலையில் ஓரங்கட்டுவார்கள் என்ற பயமும் உண்டு. அது வெறும் கற்பனை இல்லை. முஸ்லிம் பெயரைக் கேட்டதும் வீடு இல்லை என்று சொல்லும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் குற்றம் பெயர் வைத்தவர் தலையில் ஏறக்கூடாது. தந்தை பெயரும் இனிஷியலும் எல்லாத் தாளிலும் கூடவே வருவதால், பிள்ளையின் பெயரை மட்டும் மழுப்புவதால் பெரிய பலனும் கிடைக்காது.

அருள், ஞானம், வேதம், ஜெயம்: இவை எந்த மதப் பெயர்கள்?

தமிழ்ப் பெயர்களில் அதிகம் குழப்பும் இடம் இது. கத்தோலிக்க மிஷனரிகள் புனிதர் பெயர்களைத் தமிழாக்கினார்கள். யோவான் அருளப்பன் ஆனார். பேதுரு இராயப்பன், பவுல் சின்னப்பன், சூசையப்பர் என்ற யோசேப்பிடமிருந்து சூசை. அலோசியஸ் ஞானப்பிரகாசம். வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதாவிடமிருந்து ஆரோக்கியசாமி, ஆரோக்கியமேரி. லாசரு தேவசகாயம் ஆனார். நீலகண்டன் என்று பிறந்து 1745-இல் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்று அந்தப் பெயரை ஏற்றவரைத்தான் 2022 மே 15 அன்று வத்திக்கான் புனிதராக அறிவித்தது.

ஆகவே 'ஞானம்' என்று தொடங்கினால் காது முடிவுக்காகக் காத்திருக்கும். ஞானசம்பந்தம் சைவம், ஞானப்பிரகாசம் பெரும்பாலும் கிறிஸ்தவம் (சைவ மடத்து மரபிலும் இந்தப் பெயர் உண்டு), ஞானமுத்து தென்மாவட்டப் புராட்டஸ்டண்ட். வேதம் என்ற சொல் கிறிஸ்தவத் தமிழில் விவிலியத்தையும் குறிக்கும். அதனால்தான் வேதநாயகம் அங்கே பரவலான பெயர். அருள்மொழி, அருள்செல்வன், செல்வராஜ், தேவராஜ், ஜெயராணி ஆகியவை இரு பக்கமும் உண்டு. ஜெபராஜ், ஜெபமாலை, கிருபாகரன் மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்: முதல் இரண்டில் ஐயமே இல்லை, மூன்றாவது இந்து வீடுகளிலும் சகஜம்.

இரு வீட்டுக்கும் பொதுவாக வேண்டும் என்றால் இந்த நடுப்பகுதியில் தேடுவது நல்லது. அருள் என்ற முன்சொல்லுக்குச் சைவ வீட்டிலும் கிறிஸ்தவ வீட்டிலும் சமமான உரிமை இருக்கிறது.

தூய தமிழ்ப் பெயர் வைத்துவிட்டால் மதம் ஒட்டாது அல்லவா?

பெரும்பாலும் ஒட்டாது. ஆனால் தமிழ்ப் பெயர் என்பதாலேயே மதம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. சேயோன், வேலன், கந்தன் எல்லாம் முருகன். மாயோன் திருமால். கொற்றவை பாலை நிலத் தெய்வம். தொல்காப்பியம் 'வேந்தன் மேய தீம்புனல் உலகமும்' என்று மருதத்துக்கு வேந்தனைத் தெய்வமாகச் சொல்கிறது. இருந்தும் இன்று வேந்தன் என்றால் அரசன் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள், தயங்காமல் வைக்கலாம். கோதை மாலைக்கும் பெண்ணுக்கும் பொதுச்சொல்தான். வைணவ வீட்டில் மட்டும் அது ஆண்டாள். மணிமேகலை பௌத்தக் காப்பியத்தின் நாயகி. இன்று அந்தப் பெயரில் பௌத்தம் யாருக்கும் கேட்பதில்லை.

மதம் போனாலும் அரசியல் வந்து ஒட்டும் என்பது இன்னொரு சங்கதி. 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய வேதாசலம் தம் பெயரை மறைமலை அடிகள் என்று மாற்றினார். திராவிட இயக்கத்தில் ராமையா அன்பழகன் ஆனார், நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். அந்தத் தலைமுறையில் இளங்கோ, செழியன், எழிலரசி என்றால் அந்த வீட்டின் கட்சிச் சாய்வும் கேட்கும். இன்று அந்த நெடி பெரும்பாலும் போய்விட்டது. லெனின், ஸ்டாலின், கென்னடி ஆகியவற்றின் கதை வேறு: தமிழ்நாட்டில் அவை அரசியல் அபிமானப் பெயர்கள் என்று புரியும், வடமாநிலத்தில் "கிறிஸ்தவரா?" என்று கேட்பார்கள்.

உறுதியாக எந்தப் பக்கமும் சாயாதவை இயற்கை, பண்பு, மொழி சார்ந்தவை: இனியன், எழில், அன்பு, முகிலன், கயல், இளவேனில், அருவி, வாகை, தமிழினி.

நாங்கள் இந்து–முஸ்லிம் தம்பதி. இரு பக்கமும் பொருந்தும் பெயர்கள் உண்டா?

உண்டு, ஆனால் அளவோடுதான். சமீர் வடமொழியில் காற்று, அரபியில் இரவுப் பேச்சுத் துணை. ரோஷன் பாரசீகச் சொல், ஒளி. எல்லா மதத்தவரும் வைக்கிறார்கள். கபீர் அல்லாஹ்வின் திருநாமங்களில் ஒன்றின் சொல். வடஇந்தியப் பக்திக் கவிஞரால் எல்லோருக்கும் பழகிய பெயரும் ஆயிற்று. மீரா ராஜஸ்தானத்துக் கிருஷ்ண பக்தை. அதே மீரா தென்மாவட்ட முஸ்லிம்களிடம் மீரா மைதீன், மீராசா என்று ஆண் பெயரில் வரும். ரையான் 'நவீன' பெயராக எல்லா வீட்டிலும் நுழைந்திருக்கிறது. இஸ்லாமிய மரபில் அது நோன்பாளிகள் நுழையும் சொர்க்க வாசலின் பெயர், ஐரோப்பியக் காதுக்கோ அயர்லாந்துப் பெயர்.

இன்னொரு வழி தமிழ்ப் பெயர். இஸ்லாத்தில் அரபுப் பெயர்தான் வைக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பொருள் நல்லதாக இருக்க வேண்டும், அல்லாஹ் அல்லாத ஒருவருக்கு அடிமை என்று பொருள்படக் கூடாது, இறைவனுக்கு மட்டுமே உரிய பெயராக இருக்கக் கூடாது என்பவைதான் மார்க்க அறிஞர்கள் பார்ப்பவை. தமிழ் முஸ்லிம்களிடம் முத்து, கனி, பிச்சை, தம்பி, நாச்சியார் என்ற சொற்கள் பெயரின் பகுதியாகத் தலைமுறைகளாகப் புழங்குகின்றன. நிலா, மலர் போன்றவற்றுக்கு ஜமாஅத்தில் மார்க்க ரீதியான எதிர்ப்பு வர வேண்டிய காரணம் இல்லை. "நம்ம பிள்ளைன்னு தெரியணுமே" என்ற குடும்ப வருத்தம் வரலாம். அது மார்க்கச் சட்டம் அல்ல, ஆசை. அதை ஆசையாகவே பேசித் தீர்க்க வேண்டும். ஏழாம் நாள் அகீகாவுக்கு (குழந்தை பிறந்ததற்கு நன்றியாக ஆடு அறுத்துச் செய்யும் சடங்கு) முன்பே பேசிவிடுவது நல்லது. அன்று பெரியவர்கள் கூடியபின் முடிவை மாற்றுவது கடினம்.

அப்துல் ரஹ்மான் என்று வைத்துவிட்டு 'அப்துல்' என்றோ 'ரஹ்மான்' என்றோ கூப்பிடலாமா?

மார்க்கம் அறிந்தவர்கள் இரண்டையுமே விரும்புவதில்லை. அப்துல் என்றால் 'இன்னாரின் அடிமை' என்பதில் பாதி மட்டும். ரஹ்மான் இறைவனுக்கே உரிய பெயர். பள்ளிப் பதிவேட்டில் ஆசிரியர் எதையாவது ஒன்றை வெட்டித்தான் கூப்பிடுவார். ஆகவே இரட்டைப் பெயர் வேண்டாம் என்றால் ஆரிஃப், இர்ஃபான், நபீல் போல் தனித்து நிற்கும் பெயரைத் தேர்ந்தெடுங்கள்.

ஞானஸ்நானத்துக்குப் புனிதர் பெயர் கட்டாயமா?

இப்போது இல்லை. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் கிறிஸ்தவப் பெயரைக் கேட்டது. பெற்றோர் வைக்காவிட்டால் குருவானவர் ஒரு புனிதர் பெயரைச் சேர்ப்பார். 1983-இல் வந்த சட்டத்தின் 855-ஆம் விதி, கிறிஸ்தவ உணர்வுக்கு முரணான பெயர் கூடாது என்று மட்டுமே சொல்கிறது. இனியன், யாழினி என்ற பெயரோடு திருமுழுக்குப் பெறலாம். சில பங்குகளில் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள தேவாலய வட்டாரங்களில்) பழக்கம் காரணமாகப் புனிதர் பெயர் கேட்பார்கள். அப்போது திருமுழுக்குப் பதிவேட்டுக்கு மட்டும் ஒரு பெயரைக் கொடுத்துவிட்டு, அரசுப் பதிவில் ஒரே பெயரை வைத்துக்கொள்ளும் வீடுகள் நிறைய.

இதில் வரும் பிசகு: பின்னாளில் ஏதாவது காரணத்துக்குத் திருமுழுக்குச் சான்றிதழைக் காட்டும்போது இரண்டு பெயரும் ஒத்துப்போகாது. பங்குப் பதிவேட்டிலேயே 'யாழினி மரியா' என்று அரசுப் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லிவிட்டால் தொல்லை இல்லை.

குலசாமி பெயர் வைக்கச் சொல்கிறார்கள். மதம் மட்டுமா தெரியும்?

இல்லை, ஊரும் தெரியும், சில இடங்களில் சாதியும் தெரியும். இசக்கிமுத்து, சுடலை, பேச்சியம்மாள், மாடசாமி என்றால் நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கம். காந்திமதி, நெல்லையப்பன் திருநெல்வேலிக் கோயில். கோமதி சங்கரன்கோவில். அபிராமி திருக்கடையூர். ரங்கநாயகி திருவரங்கம். இவற்றில் கோமதி, அபிராமி இரண்டும் நகரத்தில் சாதாரணப் பெண் பெயர்களாகிவிட்டன. இசக்கி அப்படி ஆகவில்லை. ஆனால் எங்கள் கருத்தில், 'பட்டிக்காட்டுப் பெயர்' என்று இசக்கியைத் தள்ளுவதற்குக் காரணம் மதம் அல்ல, மேட்டிமைத்தனம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

குலசாமிப் பெயரை முதல் மொட்டையின்போது, காதுகுத்தும்போது கோயிலில் சொல்லும் பெயராக வைத்து, பதிவில் வேறு பெயர் வைப்பது பழைய வழக்கம்தான். வேண்டுதலும் நிறைவேறும்.

நட்சத்திர எழுத்துப்படி வைக்க வேண்டும், ஆனால் சாமிப் பெயர் வேண்டாம். முடியுமா?

முடியும். அசுவினிக்கு சு, சே, சோ, லா. சுடர், சேரன், சோலை கிடைக்கும். சேயோனைத் தவிர்த்துவிடுங்கள், அது முருகன். ரோகிணிக்கு ஓ, வ, வி, வு. ஓவியா, வான்மதி, வாகை, விண்மதி. பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் பாத எழுத்தில் சிறு வேறுபாடு இருக்கும். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் வளரும் பிள்ளைக்கு எதைப் பார்க்க வேண்டும்?

தந்தை பெயரை. தமிழ்நாட்டில் 'எஸ்.' என்ற ஒற்றை எழுத்தாக ஒளிந்திருப்பது கடவுச்சீட்டில் சிவசுப்பிரமணியன் என்று விரிந்து குடும்பப் பெயராகிவிடும். பிள்ளைக்கு நிலா என்று வைத்தாலும் அங்கே வகுப்பில் அழைக்கப்படுவது நிலா சிவசுப்பிரமணியன். முழுப்பெயராகச் சொல்லிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சுவஸ்திக், சுவஸ்திகா என்ற பெயர்களை ஐரோப்பா பக்கம், குறிப்பாக ஜெர்மனியில், வைக்க வேண்டாம். அங்கே அந்தச் சொல்லில் நாஜிகளைத் தவிர வேறெதுவும் கேட்காது. க்ரிஷ் என்ற சுருக்கம் ஆங்கிலக் காதில் கிறிஸ் ஆகிவிடும். மலேசியாவில் அமீர், நூர், ஆயிஷா ஆகியவை மலாய் முஸ்லிம் பெயர்களாகவே எடுத்துக்கொள்ளப்படும். அடையாள அட்டையில் முஸ்லிம்களுக்கு மட்டும் 'இஸ்லாம்' என்று அச்சிடும் நாடு அது. பெயரைப் பார்த்து வரும் குழப்பம் அங்கே வெறும் பேச்சோடு நிற்காது.

கிறிஸ்தவப் பெயர் வைத்தால் பட்டியல் சாதிச் சான்றிதழ் மறுக்கப்படுமா?

சட்டம் பார்ப்பது மதத்தை, பெயரை அல்ல. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கு மட்டுமே அந்தத் தகுதி. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். இந்துவாகவே இருந்துகொண்டு டேவிட், மேரி என்று பெயர் வைத்தால் தகுதி போகாது. ஆனால் விண்ணப்பத்தில் அந்தப் பெயரைப் பார்த்ததும் கிராம நிர்வாக அலுவலர் விசாரிப்பார். திருமுழுக்கு நடந்ததா, திருமணம் தேவாலயத்திலா என்ற கேள்விகள் வரும். பெற்றோர் இருவரின் சான்றிதழ்களையும் கையில் வைத்திருங்கள். புதுச்சேரி வழக்கு ஒன்றில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சான்றிதழ் மறுக்கப்பட்டதைச் சரி என்றது. அங்கே திருமுழுக்கும் தொடர்ந்த தேவாலய வழிபாடும்தான் முடிவைத் தீர்மானித்தன.

இந்தப் பிரிவில் இருப்பவர்கள் 'பெயர் ஃபேஷனாக இருக்கிறது' என்பதற்காக மட்டும் விவிலியப் பெயர் வைக்கும் முன் ஒருமுறை யோசிப்பது நல்லது. நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அலைச்சல் உங்களுக்குத்தான்.

பள்ளியில் சாதி, மதம் சொல்லாமல் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். அந்த இடங்களை நிரப்பாமல் விட அனுமதிக்கும் அரசாணைகள் 1973-லும் 2000-த்திலும் வந்திருக்கின்றன. தலைமையாசிரியருக்குத் தெரியாமல் இருக்கலாம், நகலைக் கொண்டுபோங்கள்.

பெயரை முடிவு செய்யும் முன் சோதித்துப் பார்க்க வழி உண்டா?

"பெயர் நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். உங்களைத் தெரியாத, வெவ்வேறு மதத்தைச் சேர்ந்த நாலைந்து பேரிடம் பெயரை மட்டும் சொல்லி, "இது எந்த வீட்டுப் பிள்ளைன்னு தோணுது?" என்று கேளுங்கள். பிறகு தந்தை பெயரையும் சேர்த்துச் சொல்லி மறுபடி கேளுங்கள். பதில் மாறினால், அடையாளம் இருப்பது தந்தை பெயரில்.

வாக்காளர் பட்டியலும் நல்ல கருவி. தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் பாகம் வாரியாகக் கிடைக்கும். ஒவ்வொரு பெயரோடும் தந்தை அல்லது கணவர் பெயர் இருப்பதால், நீங்கள் நினைக்கும் பெயர் எந்தெந்த வீடுகளில் இருக்கிறது என்று நேராகத் தெரிந்துவிடும். அதில் இருப்பவர்கள் பதினெட்டு வயது தாண்டியவர்கள் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். புதுப் பெயர்களுக்கு அது பயன்படாது.

செல்லச் சுருக்கத்தையும் சொல்லிப் பாருங்கள். ஹரிணி என்றால் மான்தான். 'ஹரி' என்று சுருங்கியதும் திருமால் வந்துவிடுவார்.

முடிவெடுக்க எவ்வளவு அவகாசம்? பிறகு மாற்ற முடியுமா?

பிறப்பைப் பதிய 21 நாள். பெயர் இல்லாமலே பதியலாம். பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்க்கக் கட்டணம் இல்லை. அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆக, மருத்துவமனையில் படிவத்தை நீட்டியதும் அவசரத்தில் ஒரு பெயரை எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. அதேநேரம் ரொம்பவும் இழுக்காதீர்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம்.

ஒருமுறை பதிந்த பெயரைப் பிறப்புப் பதிவேட்டில் எழுத்துப்பிழை திருத்தத்துக்கு மேல் மாற்றுவது கடினம். மனம் மாறினால் அரசிதழ் வழிதான்: எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறைக்குப் பெற்றோர் கையொப்பத்துடன் விண்ணப்பம், பிறப்புச் சான்றிதழ், முகவரிச் சான்று, புகைப்படம், கட்டணம். மதமாற்றத்தால் பெயர் மாறுகிறது என்றால் அதற்கான சான்றும் கேட்பார்கள். வெறும் பெயர் மாற்றத்தை அந்தக் காரணத்தின் கீழ் எழுதிவிடாதீர்கள், பின்னால் சாதிச் சான்றிதழ் விசாரணையில் அந்தத் தாளே எதிராக நிற்கும். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருக்கிறதா என்று அச்சுக்குப் போகும் முன் பாருங்கள். அரசிதழ் வந்ததும் பள்ளி ஆவணத்தை மாற்றுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் அச்சாகும் முன் முடித்துவிட வேண்டும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்தலாம் என்பதால், எழுத்துக்கூட்டல் உறுதியான பிறகே அதைத் தொடுங்கள்.